புதுப்பிப்பு: அம்மாவின் கை வீக்கம்

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவின் வலது கை வீங்கிக்கொண்டே போகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இது நிணநீர் வீக்கம்தான். அக்குளில் நிணநீர்க் கணுக்களை (உடலில் ஊறும் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்துவிட்டதால் நீர் வடிய வழி குறைந்து கையிலேயே தேங்குகிறது. சிலர் சொன்ன நீர் பிரியும் மாத்திரை இதற்கு உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உண்மையில் கைகொடுத்தது கட்டுதான். இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு விரலாகச் சுற்றி, மேலே பஞ்சு வைத்து, அதிகம் இழுபடாத பேண்டேஜைப் போட்டார். மணிக்கட்டில் இறுக்கம் அதிகம், தோள் பக்கம் போகப் போகக் குறைவு. கட்டோடுதான் கையை மடக்கி நீட்ட வேண்டும். தசை அசையும்போதுதான் நீர் நகர்கிறது. கை மெலிந்த பிறகு அளவெடுத்து, கையை இறுக்கிப் பிடிக்கும் உறை வாங்கினோம். சுமார் 6 மாதத்தில் அதன் பிடிப்பு தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். செலவுதான், ஆனால் விடக்கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கை திடீரெனச் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் காத்திருக்காதீர்கள். அது கிருமித்தொற்று, அன்றைக்கே ஆன்டிபயாடிக் தேவை.

அப்புறம், மருத்துவமனையில் இதே சிகிச்சைக்கு வரும் பெண்களோடு அம்மா பழகிவிட்டார். ரவிக்கைக் கையைத் தளர்த்தித் தைக்கும் யோசனை அவர்கள் சொன்னதுதான். வெயில் காலத்தில் உறையை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள், அம்மா கேட்கச் சொன்னார்.