12 மணி நேர நைட் ஃப்ளோட்டா, 24 மணி நேர காலா?

கேள்வி: அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு (பொது மருத்துவ மேற்பயிற்சிக்கு) ரேங்க் லிஸ்ட், அதாவது விருப்ப வரிசைப் பட்டியல், போட வேண்டும். ஒரு புரோகிராமில் 12 மணி நேர ஷிஃப்ட், இரவுக்கு நைட் ஃப்ளோட் (சில நாள் தொடர்ந்து இரவு வேலை மட்டும்). இன்னொன்றில் நான்கு நாளுக்கு ஒருமுறை 24 மணி நேர கால் (மருத்துவமனையிலேயே விடாமல் பணி). எதை மேலே வைக்கலாம்?

பதில் 1: 24 என்பதை 28 என்று வைத்தே கணக்குப் போடுங்கள். நோயாளிகளை ஒப்படைக்க இன்னும் 4 மணி நேரம் இருக்க ஏசிஜிஎம்இ (ரெசிடென்சி புரோகிராம்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) விதி அனுமதிக்கிறது; அப்போது புது நோயாளியை ஏற்கக் கூடாது. அதன்பின் 14 மணி நேரம் ஓய்வு கட்டாயம். நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு இரண்டு முறைக்கும் ஒன்றுதான். இன்டர்ன்களுக்கு (முதலாண்டு ரெசிடென்டுகளுக்கு) 2011இல் வந்த 16 மணி நேர ஷிஃப்ட் வரம்பை 2017இல் எடுத்துவிட்டார்கள்.

பதில் 2: ஷிஃப்ட் சுருங்கினால் தவறும் குறையும் என்று நம்பிவிடாதீர்கள். குழந்தைகள் ஐசியுக்களில் நடந்து 2020இல் வெளியான ரோஸ்டர்ஸ் ஆய்வில், 16 மணி நேரத்துக்குள் சுருக்கியபோது தவறுகள் கூடவே செய்தன. ஒருவர் தலையில் விழுந்த நோயாளிகளும் கூடியிருந்தார்கள். அந்தச் சுமையைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் மறைந்தது. அதனால் இந்த இரண்டு புரோகிராம்களின் ரெசிடென்டுகளிடம் கேட்க வேண்டியது இதுதான்: இரவில் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கிறார்? ஹேண்டாஃப் (அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பது) ஐ-பாஸ் என்ற வரையறுத்த முறையிலா, வாய்வழியாக அவசரமாகவா? 'காலை 2 மணிக்குப் பொட்டாசியம் பார்க்கணும்' என்பது மாதிரி வேலைகள்தான் கைமாறும்போது நழுவும்.

பதில் 3: காலுக்குப் பிறகு கார் ஓட்டுவதை யாரும் சொல்லவில்லையே! களைத்தவர் பாதுகாப்பாக வீடு போக புரோகிராம் வழி செய்ய வேண்டும் என்பதும் விதிதான். டாக்ஸிக் கட்டணம் தருகிறார்களா, தூங்க அறை உண்டா என்று கேளுங்கள். நைட் ஃப்ளோட் என்றால் தொடர்ந்து எத்தனை இரவு என்பதையும்.