பெரிய வீட்டுச் சொந்தங்கள்: கயல் செமினார்

மூர்த்தி சித்தப்பா: [பல முறை பகிரப்பட்டது] சூரியனின் புற ஊதாக் கதிர் (யுவி) வியாழனின் நிலா யூரோப்பாவின் பனியை உருக்கிக் கடலாக்குகிறது!! விஞ்ஞானிகள் அதிர்ச்சி!!

மூர்த்தி சித்தப்பா: கயல், நாளைக்கு இதைச் சேர்த்துக்கோ

கயல்: என் தலைப்பே யுவியும் பனியும்தான் சித்தப்பா. உருக்கும்னு எங்கயும் படிக்கல. அத்தை??

ராஜா பெரியப்பா: 👍

செல்வி அத்தை: மூர்த்தி அண்ணா, அதை யாருக்கும் அனுப்பாதீங்க. அந்தக் கடலுக்குச் சூடு வியாழனோட ஈர்ப்பு நிலாவை இழுத்துப் பிசையறதால வருது. மேல்பரப்பு நடுக்கோட்டுலயே 110 கெல்வின் கிட்டதான், அதாவது மைனஸ் 163 டிகிரி செல்சியஸ். யுவி உருக்காது, படிகத்தோட வரிசையைக் குலைக்கும்.

மூர்த்தி சித்தப்பா: குலைஞ்சா தண்ணிதானே

செல்வி அத்தை: இல்ல. ஹைட்ரஜன் விடற 121.6 நானோமீட்டர் யுவி, பேர் லைமன் ஆல்ஃபா. அதோட ஒரு ஃபோட்டான்ல, அதாவது ஒளித்துகள்ல, 10.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கு. நீர் மூலக்கூறுல ஹைட்ரஜனைப் பிரிக்க 5 சொச்சம் போதும். பிரிஞ்சது பெரும்பாலும் பக்கத்துலயே திரும்பச் சேரும், ஆனா பழைய இடத்துல இல்ல. அந்தக் குளிர்ல நகர்ந்து வரிசைக்கு வரவும் முடியாது. அப்படியே வரிசையில்லாத, உருவற்ற பனியாகிடும். ஆய்வாளர்கள் கௌச்சியும் குரோடாவும் 1990லயே காட்டினாங்க. 2003ல லேட்டோ, பரட்டா 16 கெல்வின்ல செஞ்சாங்க.

கயல்: செய்முறை ஸ்லைடு: 150 கெல்வின்ல நீராவியைப் படிய விட்டு, 16க்கு இறக்கி, குவார்ட்ஸ் ஜன்னல் வழியா ஹைட்ரஜன் விளக்கு. ஓகேவா?

செல்வி அத்தை: குவார்ட்ஸ் வேண்டாம்!! 160 நானோமீட்டருக்குக் கீழே அடைச்சிடும், லைமன் ஆல்ஃபா உள்ளயே வராது. மெக்னீசியம் ஃப்ளோரைடு, 115 வரைக்கும் விடும்.

சுதா சித்தி: ப்ரொஜெக்டர் யார்கிட்ட

ராஜா பெரியப்பா: மூர்த்திகிட்ட

மூர்த்தி சித்தப்பா: என்கிட்ட இருக்கறது டெலஸ்கோப். அப்பா எனக்குக் கொடுத்தது

ராஜா பெரியப்பா: உனக்கு மட்டும் கொடுக்கல

சுதா சித்தி: திரும்ப ஆரம்பிக்காதீங்க 🙏

செல்வி அத்தை: கயல், படலம் 0.1 மைக்ரான் போதும். தடிமனா போட்டா யுவி மேல்தோலோட நின்னுடும், அடியில இருக்கற படிகம்தான் அகச்சிவப்புல தெரியும், ஒண்ணுமே மாறலன்னு நினைப்ப. 633 நானோமீட்டர் லேசரை நேரா அடிச்சா, படலம் வளர வளர திரும்பி வர்ற ஒளி கூடிக் குறையும்; அப்படி ஒரு முழு அலைவுக்கு சுமார் 0.24 மைக்ரான். பாதி அலைவுல வால்வை மூடு.

செல்வி அத்தை: இன்னொண்ணு ரொம்ப முக்கியம். வெற்றிடத்தோட அழுத்தம் 10⁻⁶ டார்ல இருந்து, மிச்ச வாயு நீராவியா இருந்தா, கிட்டத்தட்ட வினாடிக்கு ஒரு மூலக்கூறு அடுக்கு தானா படியும். 16 கெல்வின்ல படியறது தானாவே உருவற்ற பனிதான்! அதைப் பார்த்து யுவி செஞ்சதுன்னு எழுதிடக்கூடாது. 10⁻⁹ வரைக்கும் இறக்கணும். விளக்கை அணைச்சு வச்சு, அதே நேரம் ஒரு ஓட்டம் எடுக்கணும்.

மூர்த்தி சித்தப்பா: சரிம்மா

கயல்: அப்போ சூரியனுக்கு ரொம்பத் தூரத்துல இருக்கற பனி எல்லாமே உருவற்றதா இருக்கணுமே?

செல்வி அத்தை: அதைத்தான் சபையில கேட்பாங்க! நெப்டியூனுக்கு அப்பால இருக்கற குவாவார்ங்கற குறுங்கோள்ல 2004ல ஆய்வாளர்கள் ஜூவிட், லூ 1.65 மைக்ரான் உறிஞ்சலைப் பார்த்தாங்க. அது படிகப் பனியோட அடையாளம். புளூட்டோவோட நிலா காரன்லயும் இருக்கு. 50 கெல்வின் அளவு குளிர்ல, யுவியும் காஸ்மிக் கதிரும் கலைச்சும் எப்படி மிச்சம்? நெப்டியூன் தூரத்துல சூரிய ஒளி நமக்கு வர்றதுல 900ல ஒரு பங்குதான், ஆனா காலம் கோடிக்கணக்கான வருஷம். ஒண்ணு, 1.65 ஒளி யுவி தொட்ட தோலைத் தாண்டி ஆழம் போய் வருது. இல்லன்னா உள்சூடோ சின்ன மோதலோ பனியைத் திரும்பப் படிகமாக்குது. ரெண்டையும் சொல்லு, தீர்ந்துபோச்சுன்னு சொல்லாதே.

மூர்த்தி சித்தப்பா: ஃபார்வர்டை அழிச்சிட்டேன். ஆபீஸ் குழுவுல போட்டது இருக்கு

செல்வி அத்தை: அங்கயும் அழிங்க அண்ணா

கயல்: ப்ரொஜெக்டர்???

ராஜா பெரியப்பா: காலைல பார்ப்போம்

செல்வி அத்தை: விளக்கு அணைச்ச ஓட்டத்தை 4வது ஸ்லைடுல போடு கயல், கடைசிக்குத் தள்ளாதே