ப்ளூ லகூனில் ஆம்ப் கொதிக்கிறது, சப் தீய்கிறது: பெரிய ஆம்ப் வாங்கினால் சரியாகுமா?

லகூன்_ஞாயிறு (சாட்ஸ்வர்த்)
எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி போலோ விவோ. டிக்கியில் 12 அங்குல சப் (பேஸ் ஸ்பீக்கர்) இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் 600 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் அளவு), இரட்டை 4 ஓம் காயில் (கம்பிச் சுருள்). கிளாஸ் டி மோனோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), 1 ஓமில் 1200 வாட் என்று போட்டிருக்கிறது. பாக்ஸ் போர்ட் (காற்றுத் துளை) வைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டர்பன் ப்ளூ லகூனில் நிறுத்திப் பாட்டுப் போடுவோம், பெரும்பாலும் தென்னாப்பிரிக்க நடன இசையான அமாபியானோவும் கோமும்தான். முதல் அரை மணி நேரம் நெஞ்சில் அடிக்கும். அப்புறம் பேஸ் மெல்ல இறங்கிப்போகும். வால்யூமைக் கூட்டினால் கொஞ்ச நேரத்தில் ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. போன வாரம் சப்பிலிருந்து தீய்ந்த வாசனை வேறு வந்தது. மாட்டிக்கொடுத்த கடையில், "இந்த ஆம்ப் பத்தாது, 2500 வாட் போடு" என்கிறார்கள். விலை என் ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டி வருகிறது. வாங்கலாமா?

பீனிக்ஸ்_பேஸ்
வாங்கு தம்பி. கடைக்காரர் சொல்வது சரி. 1200 வாட் ஆம்பை எந்நேரமும் அதன் உச்சியில் ஓட்டினால் அது கொதிக்காமல் என்ன செய்யும்? 2500 வாட் ஆம்ப் அதே சத்தத்தைப் பாதி பலத்தில் கொடுக்கும், குளிர்ச்சியாக ஓடும், கிளிப் ஆகாது (அலையின் உச்சி வெட்டுப்படாது). சப்பை எரிப்பது கிளிப்பிங்தான், வாட் இல்லை. வாரிக் ஜங்ஷனுக்கு ஓடும் டாக்ஸிகளுக்கு வருஷக்கணக்காக மாட்டிக்கொண்டிருக்கிறேன். சின்ன ஆம்பால் எரிந்த சப்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். கூடவே ஆம்புக்கு இரண்டு கம்ப்யூட்டர் ஃபேன் வை.

செம்புக்கம்பி (இசிப்பிங்கோ)
வாங்குவதற்கு முன்னால் மூன்று கேள்வி. லகூனில் நிறுத்தும்போது இன்ஜின் ஓடுகிறதா, அணைத்திருக்கிறதா? பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போகும் கேபிள் என்ன கனம்? எர்த்தை எங்கே பிடித்திருக்கிறார்கள்?

லகூன்_ஞாயிறு
இன்ஜினை அணைத்துவிடுவோம், நடுவில் கொஞ்ச நேரம் ஓடவிடுவோம். கேபிள் "4 கேஜ் கிட்" என்று விற்றது. எர்த் டிக்கிக்குள் ஒரு தகட்டு ஸ்க்ரூவில் பிடித்திருக்கிறது. ஆம்ப் பின்சீட்டின் முதுகில், கார்பெட்டுக்குள்.

செம்புக்கம்பி
அப்படியானால் ஆம்ப் பாவம்.

கணக்கைப் பார். 1200 வாட் வெளியே வர, 80 சதவீதத் திறன் என்று வைத்தால் உள்ளே 1500 வாட் போக வேண்டும். 12 வோல்ட்டில் அது 125 ஆம்பியர். சின்னக் கார்களின் ஆல்டர்நேட்டர் பெரும்பாலும் 70 முதல் 110 ஆம்பியர் வரைதான், அதுவும் இன்ஜின் வேகமாக ஓடும்போது. ஐட்லிங்கில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். இன்ஜினை அணைத்துவிட்டால் முழுச் சுமையும் பேட்டரி மேல். 12.6 வோல்ட்டில் தொடங்கி இறங்கிக்கொண்டே போகும்.

பல ஆம்புகளின் வாட் கணக்கு 14.4 வோல்ட்டில் எடுத்தது. வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டட் சப்ளை இல்லாத ஆம்பில் வோல்ட் 11-க்கு இறங்கினால் 1200 என்பது 700 ஆகிவிடும். கெயினை (ஆம்பின் உள்ளீட்டு அளவுத் திருகாணியை) மட்டும் 1200-க்கு வைத்தபடியே விட்டிருப்பார்கள். கூரை இறங்கிவிட்டது, நீ அதே உயரத்தில் நிமிர்ந்து நடக்கிறாய், தலை இடிக்கிறது. அந்த இடிதான் கிளிப்பிங். இந்த வயரிங்கில் 2500 வாட் ஆம்பை மாட்டினால் அது இன்னும் அதிகக் கரண்ட் கேட்கும், வோல்ட் இன்னும் கீழே போகும், கடைசியில் இதே சிவப்பு விளக்குதான்.

கேபிளின் ஓரத்தை அரை அங்குலம் உரித்து, ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது. செம்பு கடத்துவதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். நிஜ 4 கேஜ் என்றால் உலோகம் மட்டும் 21 சதுர மில்லிமீட்டர். நிறைய கிட்டுகளில் ரப்பர்தான் தடிமன், கம்பி அதில் பாதிகூட இருக்காது.

பீனிக்ஸ்_பேஸ்
வயரிங் நன்றாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதைச் சரிசெய்தாலும் 1200 வாட் ஆம்ப் உச்சியில்தான் ஓடப்போகிறது. வயரையும் மாற்று, ஆம்பையும் மாற்று.

சால்டரிங்_அக்கா
பழுதுபார்க்க என் மேஜைக்கு வரும் சப்களை வைத்துச் சொல்கிறேன். தம்பி இரண்டு பிரச்சினையை ஒன்றாகச் சொல்கிறார். ஆம்ப் நிற்பது ஒன்று. அதற்கு முன்பே பேஸ் இறங்கிப்போகிறதே, அது வேறு. இரண்டாவதுதான் எனக்குக் கவலை. யாரும் அதைத் தொடவே இல்லை.

சப்புக்குள் போகும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட ஒலியாக வெளியே வருவதில்லை. மீதி முழுவதும் வாய்ஸ் காயிலில் சூடாக நிற்கிறது. 600 வாட் என்றால் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பாதிக்கும் மேல், விரல் தடிமன் இடைவெளிகூட இல்லாத ஒரு காந்தச் சந்துக்குள். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.39 சதவீதம் ஏறும். காயில் 200 டிகிரி சூடேறினால் 4 ஓம் 7 ஓமை ஒட்டி வந்துவிடும். ஆம்ப் கொடுக்கும் வோல்ட் மாறவில்லை, தடை ஏறிவிட்டது, ஆகவே உள்ளே போகும் வாட் 56 சதவீதமாகச் சுருங்கும். ஏறக்குறைய இரண்டரை டெசிபெல் போச்சு. இதற்குப் பெயர் பவர் கம்ப்ரெஷன்.

"அரை மணி நேரத்துக்கு அப்புறம் பேஸ் இறங்குகிறது" என்று தம்பி சொன்னாரே, அதில் பேட்டரி பாதி, காயில் பாதி. அந்த நேரத்தில் மனிதர் செய்யும் முதல் வேலை வால்யூமைக் கூட்டுவது. இன்னும் சூடு, இன்னும் இறக்கம், இன்னும் வால்யூம். இந்தச் சுற்றுதான் சப்பைக் கொல்கிறது. இங்கே 2500 வாட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் என்ன ஆகும் பீனிக்ஸ் அண்ணா? இப்போது ஆம்ப் நின்றுபோவதால் சப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. ஆம்ப் நிற்காவிட்டால் சப் நிற்கும்.

பீனிக்ஸ்_பேஸ்
அக்கா, உங்கள் மேஜைக்கு எரிந்த சப்தான் வரும். ஓடிக்கொண்டிருக்கும் சப்கள் என் வாடிக்கையாளர்களிடம் இருக்கின்றன. சின்ன ஆம்ப் கிளிப் ஆனால் சப் எரியும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. பெரிய ஆம்ப் சுத்தமான சிக்னல் கொடுக்கிறது, சப் தாங்குகிறது. காவடி ஊர்வலத்துக்கு ஒரு பக்கி (பிக்கப்) வண்டியில் பெரிய ஆம்ப் வைத்துக் கொடுத்தேன். காலை முதல் மத்தியானம் வரை வெயிலில் ஓடியது, ஒரு காயில் எரியவில்லை.

சால்டரிங்_அக்கா
காவடி பக்கியில் ஓடியது நாதஸ்வரமும் பஜனையும், வெளியே வந்தது ஹார்ன் ஸ்பீக்கரில். ஹார்னுக்கு ஒரு வாட் கொடுத்தாலே காது கூசும். பாட்டில் இடைவெளியும் உண்டு. அமாபியானோவின் லாக் டிரம் அப்படியா? நீண்டு இழுபடும் பேஸ், ஒன்று முடிவதற்குள் அடுத்தது. டவுன்லோடு செய்த பாட்டுகளில் ஏற்கெனவே எல்லாவற்றையும் அழுத்தி உச்சிக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது அண்ணா.

கிளிப்பிங் விஷயத்தையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நம்பி நிறையப் பையன்கள் காசை விடுகிறார்கள். கிளிப் ஆன அலையில் தனியாக விஷம் எதுவும் இல்லை. உச்ச வோல்ட் ஒன்றேயானால் சதுர அலை, சைன் அலையைப்போல் இரண்டு மடங்கு வாட் கொடுக்கும். அவ்வளவுதான். 300 வாட் ஆம்ப் முழுக்கக் கிளிப் ஆனாலும் 600 வாட்டுக்கு மேல் போகாது. 600 வாட் சப் அதைத் தாங்க வேண்டும். இந்தத் தம்பியின் 1200 கிளிப் ஆனால் 2400 வரை போகலாம், அதனால்தான் வாசனை வந்தது. 2500 வாட் ஆம்ப் கிளிப் ஆகாமலேயே அங்கே போய்ச் சேரும். காயிலுக்கு அலையின் வடிவம் தெரியாது, சராசரியாக எவ்வளவு சூடு வருகிறது என்பதுதான் தெரியும்.

பீனிக்ஸ்_பேஸ்
கணக்கில் சரி. ஆனால் மனிதனின் கையையும் கணக்கில் சேருங்கள். காது கரகரப்பைக் கேட்பதற்கு முன்னால் பையன் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவான். பெரிய ஆம்பில் அவனுக்குத் திருப்தி சீக்கிரம் வந்துவிடும், அங்கேயே நிறுத்துவான். கெயினை இறக்கி வைத்துக் கொடுப்பது மாட்டுகிறவன் பொறுப்பு. நான் அப்படித்தான் கொடுக்கிறேன்.

செம்புக்கம்பி
நீங்கள் இறக்கி வைப்பீர்கள் அண்ணே, நம்புகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லகூனில் பக்கத்து வண்டிக்காரன் சத்தமாகப் போட்டதும் அந்தக் கெயின் திருகாணி எங்கே இருக்கும்?

தம்பி, ஆம்ப் எதனால் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்ததும் வால்யூமைக் குறைத்து, ஆம்பை அணைத்து உடனே போடு. உடனே எழுந்தால் வோல்ட் இறங்கியதால் நின்றது. பத்துப் பதினைந்து நிமிடம் ஆறிய பிறகுதான் எழுகிறதென்றால் சூடு. மீட்டர் கையில் இருந்தால் பேஸ் அடிக்கும்போது ஆம்பின் முனையிலும் பேட்டரியிலும் வோல்ட்டை எடு.

சால்டரிங்_அக்கா
சப்பையும் பார். முழுக்க ஆறிய பிறகு வயரைக் கழற்றி நான்கு காயிலையும் தனித்தனியாக அள. 4 ஓம் காயில் 3.2-லிருந்து 3.8 வரை காட்டலாம். ஒன்று மட்டும் ரொம்பக் குறைவாக இருந்தால் உள்ளே சுற்றுகள் ஒட்டிவிட்டன. பிறகு இரண்டு கையையும் விரித்துக் கோனின் இரண்டு பக்கமும் வைத்து, நேராக, மெதுவாக அமுக்கு. சரசரவென்று உரசல் கேட்டால் காயில் சுருளின் பசை இளகி வடிவம் கோணிவிட்டது.

லகூன்_ஞாயிறு
எல்லாம் பார்த்தேன். பேஸ் அடிக்கும்போது பேட்டரியில் 11.9, ஆம்பில் 10.3. கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. எர்த் ஸ்க்ரூவுக்கு அடியில் பெயின்டைக்கூடச் சுரண்டவில்லை. காயில்கள் 3.5, 3.5, 3.4. ஒன்று மட்டும் 2.6. அந்த சப்பை அமுக்கினால் உரசல் கேட்கிறது. ஆம்ப் ஒருநாள் உடனே எழுந்தது, ஒருநாள் ஆற வேண்டியிருந்தது.

செம்புக்கம்பி
வழியில் மட்டும் 1.6 வோல்ட் தொலைகிறது. நூறு ஆம்பியர் ஓடினால் 160 வாட் கேபிளிலும் எர்த்திலும் சும்மா சூடாகிறது. நல்ல செம்பு 4 கேஜில் 5 மீட்டருக்கு அரை வோல்ட்கூடப் போகாது. எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில், சீட் போல்ட் மாதிரித் தடித்த போல்ட்டில் பிடி. பேட்டரி பக்கத்து ஃபியூஸ் புதுக் கேபிளுக்குத் தகுந்ததாக இருக்கட்டும், ஒரு சாண் தூரத்துக்குள்.

சால்டரிங்_அக்கா
அந்த 2.6 ஓம் சப் முடிந்துவிட்டது. அதை வைத்து இனிமேல் ஓட்டாதே, ஆம்புக்குச் சுமை 1 ஓமுக்கும் கீழே போகும், அதுவும் ஆம்ப் சூட்டுக்குக் காரணம். அதே மாடலில் ஒன்று வாங்கு. ஆம்பைக் கார்பெட்டிலிருந்து வெளியே எடுத்து, சூடாற்றும் துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி மாட்டு. பீனிக்ஸ் அண்ணா சொன்ன ஃபேன் நல்ல யோசனை, ஆனால் அது ஆம்பைத்தான் காப்பாற்றும், காயிலை இல்லை.

கெயினுக்கு: சப் வயரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்ஜியத்தில் வைத்து, டெக்கை (கார் ஸ்டீரியோவை) முக்கால் வால்யூமில் வைத்து 40 ஹெர்ட்ஸ் டோன் போடு. கெயினை மெல்லக் கூட்டி, ஆம்ப் வெளியீட்டில் 28 வோல்ட் ஏசி வந்ததும் நிறுத்து. 1 ஓமில் அது ஏறக்குறைய 800 வாட். 1200-க்கும் 800-க்கும் வித்தியாசம் இரண்டு டெசிபெல்லுக்கும் குறைவு, சூட்டிலோ மூன்றில் ஒரு பங்கு குறையும். இன்னும் சத்தம் வேண்டுமென்றால் வாட்டைக் கூட்டாதே, பணம் சேர்ந்ததும் சப்களின் எண்ணிக்கையைக் கூட்டு. அதே மொத்த வாட்டை நான்கு சப்களுக்குப் பிரித்தால் ஏறக்குறைய மூன்று டெசிபெல் கூடும், ஒவ்வொரு காயிலுக்கும் பாதிச் சூடுதான்.

பீனிக்ஸ்_பேஸ்
போலோ விவோ டிக்கியில் நான்கு 12 அங்குல சப் எங்கே போகும் அக்கா? நின்ற இடத்தில் சத்தம் வேண்டும் என்கிறவனுக்குப் பெரிய ஆம்ப், கெயின் குறைவாக, டிக்கியில் இரண்டாவது பேட்டரி. இதில் நான் மாறப்போவதில்லை. கேபிளும் எர்த்தும் முதலில் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த 10.3-ஐப் பார்த்த பிறகு இப்போதைய நிலையில் 2500 வாங்கச் சொல்ல மாட்டேன்.

லகூன்_ஞாயிறு
இந்த மாதம் செம்புக் கேபிளும் ஒரு சப்பும் வாங்குகிறேன். ஆம்ப் இதேதான், 28 வோல்ட்டில் வைக்கிறேன். அதுவரை நல்ல சப்பை மட்டும் தனியாக ஓட்டலாமா?

சால்டரிங்_அக்கா
ஓட்டலாம். அதன் இரண்டு காயிலையும் இணையாகக் கட்டினால் 2 ஓம் வரும், ஆம்புக்குச் சுலபம். கெயினை இப்போதே இறக்கிவிடு. பேஸ் இறங்குவதுபோல் தெரிந்தால் வால்யூமைக் கூட்டாமல், இரண்டு பாட்டுக்கு மெதுவாக வைத்து ஆறவிடு.

செம்புக்கம்பி
கேபிள் வாங்கும்போது கடையிலேயே ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடு.