வெள்ளை ஒயரில் இருந்து தொடங்குங்கள்: பிக்கப்பில் டிரெய்லர் மாட்டிய அனுபவங்கள்

கேட்டி, டெக்சஸ்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, ஐ-10 நெடுஞ்சாலையில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் புதிதாக வாங்கிய 16 அடி டிரெய்லர், காலியாக. ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்து, கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னார். அவரும் பின்னாலேயே நிறுத்தினார். “நீ பிரேக் மிதித்தால் பின்விளக்கு அணைகிறது. வலது பக்கம் திரும்ப சிக்னல் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாக மின்னுகிறது. நீ எந்தப் பக்கம் போகிறாய் என்றே தெரியவில்லை” என்றார். அந்த மனிதர் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஓட்டுகிறவர் கண்ணுக்கு அந்த விளக்குகள் படுவதே இல்லையே.

ஊரில் டிராக்டரில் டிப்பரை ஒரே ஒரு பின்னைச் செருகி மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒயரிங் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதற்கு இவ்வளவு கவனம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

என்னுடையது பத்து வருடப் பழைய பிக்கப், பின்னால் திறந்த பெட்டியுள்ள வண்டி. வாங்கும்போது அதில் டிரெய்லர் இழுப்பதற்கான டோயிங் பேக்கேஜ் இல்லை. ஒரு கடையில் டிரெய்லர் கொக்கியைச் செருகுகிற 2 இன்ச் ரிசீவரும், டிரெய்லர் விளக்குகளை இணைக்கிற தட்டையான 4 பின் கனெக்டரும் போட்டுக் கொடுத்தார்கள். அந்த 4 பின்னில் வெள்ளை எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி), பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. அமெரிக்க டிரெய்லர்களில் சிக்னலும் பிரேக் லைட்டும் ஒரே பல்பில், ஒரே ஒயரில் வரும். அதனால் பிரேக் விளக்குக்கு என்று தனி ஒயர் கிடையாது.

மறுநாள் காலை என் மகள் டிரெய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். தனித்தனியாக எரிந்தது, இரண்டு சேர்ந்தால் குழப்பம். பல்பு மாற்றினேன், ஃபியூஸ் பார்த்தேன், இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பிக்கப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை டிரெய்லர் சட்டத்தில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் மாட்டினேன். அடுத்த நொடி எல்லா விளக்கும் பளிச்சென்று சரியாக எரிந்தது. அவ்வளவுதான், நோய் எர்த்தில்.

படுத்துக்கொண்டு பம்பருக்கு அடியில் பார்த்தேன். வெள்ளை ஒயரை ஒரு சின்ன திருகில் முடுக்கியிருந்தார்கள். அந்தத் திருகு பெயிண்ட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது, சுற்றிலும் துரு. விரலால் தொட்டதும் ஒயர் சுழன்றது. விளக்கைப் போட்டுவிட்டு, டிரெய்லர் சட்டத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 4 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாத இடம் அது. திரும்பிப் போக வழி கிடைக்காத மின்சாரம் மற்ற பல்புகளின் இழை வழியாகப் புகுந்து போகிறது. வலது சிக்னல் போட்டால் இடதும் மின்னியது அதனால்தான்.

அந்த இடத்தை உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தேன். வளைய முனை போட்டு, நல்ல போல்ட்டில், நட்சத்திர வாஷரோடு முடுக்கினேன். மேலே பெயிண்ட் அடித்தேன். செலவு இரண்டு டாலர்கூட ஆகவில்லை.

அப்புறம்தான் பெரிய வேலை. என் டிரெய்லர் இரண்டு அச்சு, முழுச் சுமையோடு 7,000 பவுண்டு. டெக்சஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். 4 பின்னில் பிரேக்குக்கு வழியே இல்லை. அதனால் 7 பின் சாக்கெட் போட்டேன். பழைய நான்கோடு பிரேக்குக்கு நீலம், பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டுக்குக் கறுப்பு, ரிவர்ஸ் லைட்டுக்கு ஒன்று. பேட்டரி ஒயரை 10 கேஜில் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர் வைத்தேன். இந்த ‘பக்கத்திலேயே’ முக்கியம். வண்டியின் பின்பக்கம் வைத்தால், நடுவில் ஒயர் தேய்ந்து சட்டத்தில் உரசும்போது எதுவும் காப்பாற்றாது.

ஸ்டியரிங்குக்கு அடியில் பிரேக் கன்ட்ரோலர், டிரெய்லரின் பிரேக்கை பிக்கப்பிலிருந்தே இயக்குகிற கருவி. அதற்கு நான்கே ஒயர்: வெள்ளை எர்த், கறுப்பு 12 வோல்ட், சிவப்பு பிரேக் பெடல் ஸ்விட்ச்சுக்கு, நீலம் டிரெய்லர் பிரேக்குக்கு. நான் போட்டது வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறதோ அந்த அளவுக்கு டிரெய்லரையும் பிடிக்கிற வகை. ஆளில்லாத வாகன நிறுத்தத்தில் 25 மைல் வேகத்தில் போய், கன்ட்ரோலரின் கை நெம்புகோலை மட்டும் தள்ளினேன். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு கிறீச்சிட்டது. அதிலிருந்து கொஞ்சம் குறைத்து வைத்தேன். சுமை மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். குறிப்பாக, சுமையை எங்கே வைப்பது என்பதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை.

ஸ்காபரோ, ஒன்ராறியோ

அண்ணை, நீங்கள் எழுதியதை வாசிக்க எனக்கு என்னுடைய படகு ட்ரெய்லர்தான் நினைவுக்கு வந்தது. இங்கே குளிர்காலம் முழுக்க வீதிக்கு உப்புக் கொட்டுவார்கள். நீங்கள் பத்து வருடத்தில் பார்த்த துருவை நாங்கள் இரண்டு வருடத்தில் பார்ப்போம்.

எனக்கு நடந்தது வேறு விதம். வளைவில் திரும்பினால் லைட் எரியும், நேரே போனால் அணையும். ஒரு கிழமை தலையை உடைத்தேன். பிறகுதான் விளங்கியது, வெள்ளை வயர் எப்போதோ அறுந்துபோயிருக்கிறது. வாகனத்தின் பின்னால் இருக்கிற ஹிட்ச் உருண்டையும், அதன் மேல் உட்காருகிற ட்ரெய்லரின் கப்ளரும் முட்டுகிற இடத்தின் வழியாகத்தான் எர்த் போய்க்கொண்டிருந்தது. உருண்டைக்கு நான் கிறீஸ் பூசிய நாளிலிருந்து அதுவும் சரியாகப் போகவில்லை. கிறீஸ் பூசத்தான் வேண்டும், ஆனால் எர்த்துக்கு அதை நம்பக் கூடாது.

வயரைக் குத்திக் கவ்வுகிற நீல நிற கிளிப் விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதை வாகனத்துக்கு அடியில் பாவிக்கவே வேண்டாம். அது வயரின் தோலைக் கிழித்துத்தான் கவ்வும். அந்தக் கிழிசலால் உப்புத்தண்ணீர் போய், செம்பு பச்சைப் பொடியாகிவிடும். நான் இப்போது ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்து, பசை உள்ள சுருங்கும் குழாய் போட்டு மூடுகிறேன்.

இன்னொன்று, நிறத்தை நம்பி வயரை இணைக்காதீர்கள். மச்சானின் காம்பர் ட்ரெய்லருக்கு (உள்ளே படுத்துத் தங்குகிற வகை) வயர் மாற்றப் போனபோது, உள்ளே பச்சை பின்விளக்குக்கும் சிவப்பு இடதுக்கும் பழுப்பு வலதுக்கும் இருந்தது. சாதாரண ட்ரெய்லரில் பச்சை என்றால் வலது. காம்பர் செய்கிறவர்களின் நிற வரிசையே வேறு. டெஸ்டரை வைத்து எது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

படகு வைத்திருப்பவர்களுக்கு: சிம்கோ ஏரிக்குள் ட்ரெய்லரை இறக்க முன்னர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சூடான பல்பு குளிர்ந்த தண்ணீரில் பட்டால் வெடிக்கும்.

மெல்பர்ன்

அண்ணா, சுமை பற்றிக் கேட்டீர்களே, அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

எங்களிடம் இருப்பது யூட், அதாவது இந்த ஊர் பிக்கப். பின்னால் 1,400 கிலோ காம்பர் டிரெய்லர். இங்கே 750 கிலோவுக்கு மேல் போனாலே டிரெய்லருக்கு பிரேக் வேண்டும், அதனால் எலெக்ட்ரிக் பிரேக் இருந்தது. ஹிட்ச், ஒயரிங் எல்லாம் சரி. ஆனால் பிள்ளைகளின் சைக்கிள், இரண்டு தண்ணீர் கேன், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் வசதியாக இருக்கிறதென்று டிரெய்லரின் பின்கடைசியில் ஏற்றிவிட்டோம்.

ஹியூம் நெடுஞ்சாலையில் ஒரு இறக்கம். நான்தான் ஓட்டினேன், 100 கிலோமீட்டர் வேகம். ஒரு பி-டபுள் லாரி, அதாவது இரண்டு டிரெய்லர் கோத்த நீள லாரி, எங்களைத் தாண்டியது. அந்தக் காற்றில் டிரெய்லர் லேசாக ஒருபக்கம் போனது, பிறகு மறுபக்கம், பிறகு இன்னும் அதிகமாக. யூட்டின் பின்பக்கத்தையே யாரோ பிடித்து ஆட்டுவது போல இருந்தது. கால் தானாக பிரேக்குக்குப் போனது. வீட்டுக்காரர், “பெடலை மிதிக்காதே, ஆக்சிலேட்டரை விடு” என்று கத்திக்கொண்டே கன்ட்ரோலர் பட்டனை அழுத்தினார். டிரெய்லர் மட்டும் பின்னால் இழுத்துப் பிடித்தது, ஆட்டம் நின்றது. பெடலை மிதித்திருந்தால் யூட் வேகம் குறைய, டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி மடித்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, குளியலறை எடைப் பொறியின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கப்ளர் உயரத்திலேயே டிரெய்லரின் மூக்கை அதில் இறக்கினோம். 70 கிலோ. மொத்த எடையில் வெறும் 5 சதவீதம்! இங்கே பொதுவாக 10 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும் என்பார்கள். ஜெனரேட்டரையும் தண்ணீரையும் அச்சுக்கு முன்னால் மாற்றினோம், 140 வந்தது. அதே சாலையில் அதற்குப் பிறகு மூன்று முறை போய்விட்டோம், அசையவே இல்லை.

புதிய யூட் வாங்கியவர்கள், பின்விளக்கு ஒயரிலிருந்து நேரடியாகக் கிளை பிரித்து டிரெய்லருக்குக் கரண்ட் எடுக்காதீர்கள். இப்போதைய வண்டிகளில் எல்லாமே கம்ப்யூட்டர் வழி. அந்த வண்டிக்கென்று வருகிற டிரெய்லர் ஒயரிங் மாட்யூலை வாங்கிப் போடுங்கள்.

கேட்டி, டெக்சஸ்

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை நானும் எடை போட்டேன். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பது கணக்கு, அப்படியென்றால் எனக்கு 700 பவுண்டுக்கு மேல். வீட்டு எடைப் பொறி அதைத் தாங்காது. அதனால் ஒரு கனமான கட்டையின் ஒரு முனையை செங்கல் மேலும், மறுமுனையை எடைப் பொறி மேலும் வைத்தேன். செங்கல்லிலிருந்து ஒரு அடியில் டிரெய்லரின் மூக்கு, மூன்றாவது அடியில் எடைப் பொறி. பொறி காட்டுவதை மூன்றால் பெருக்கினால் உண்மையான எடை. எனக்கு 245 காட்டியது, ஆக 735.

இதில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று: இந்த 735 பவுண்டும் பிக்கப்பின் மேல் ஏறும் சுமைதான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில், ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கும். என் வண்டிக்கு 1,480. வீட்டில் நான்கு பேரும் ஏறி, பின்பெட்டியில் ஐஸ் பெட்டியும் கூடாரமும் வைத்தால் மீதி ஒன்றுமே இல்லை. ரிசீவரில் 8,000 பவுண்டு என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ரிசீவர், உருண்டை, உருண்டையைத் தாங்குகிற பால் மவுண்ட், டயர், இந்த ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் எது சின்ன எண்ணோ அதுதான் வரம்பு.

உருண்டை அளவையும் அதன் தலையில் பார்த்துக்கொள்ளுங்கள். 1⅞ இன்ச் உருண்டையில் 2 இன்ச் கப்ளர் உட்காரும், பூட்டும், ஒரு மேட்டில் குதித்தால் கழன்றும் போகும். பூட்டியபின் ஜாக்கைச் சுற்றி மூக்கைத் தூக்கிப் பார்க்கிறேன். பிக்கப்பின் பின்பக்கமும் கூடவே எழுந்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சங்கிலி இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போடுகிறேன். கழன்றாலும் மூக்கு அதில் விழும், தரையில் குத்தாது.

டிரெய்லர் கழன்று ஓடினால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைக்கிற பிரேக்அவே கேபிளை இத்தனை நாள் அந்தச் சங்கிலியில்தான் கோத்திருந்தேன். தப்பு. சங்கிலி அறுந்தால் கேபிளும் அதோடு போய்விடும்; இன்று பிக்கப்பின் சட்டத்துக்கே மாற்றிவிட்டேன். அந்த பிரேக்குக்குக் கரண்ட் கொடுக்க டிரெய்லரில் இருக்கிற சின்ன பேட்டரியைச் சோதித்தால் 9 வோல்ட்தான் இருக்கிறது. ஸ்காபரோ தம்பி, உங்கள் குளிரில் அந்தப் பேட்டரி எத்தனை வருடம் தாங்குகிறது?