பாய்லருக்கு அடியில் பக்கெட் வைத்திருக்கும் தம்பிக்கு

இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, சமையலறை பாய்லரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மூன்று நாளாகப் பக்கெட் வைத்துச் சமாளிக்கிறேன். ஹவுஸ் ஓனரிடம் சொன்னால் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வாரா?" அந்தக் கடைசி வரியைப் படித்ததும் என்னுடைய முதல் குளிர்காலம் ஞாபகம் வந்துவிட்டது.

டெபாசிட் பயத்தை முதலில் விடுங்கள். இங்கிலாந்தில் வாடகை வீட்டின் ஹீட்டிங்கையும் வெந்நீரையும் சரியாக வைத்திருப்பது ஓனரின் வேலை. 1985-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவே அதைச் சொல்கிறது. நீங்களாக எதையும் உடைத்திருந்தால் ஒழிய செலவு உங்கள் தலையில் விழாது. சொல்லாமல் மறைத்து, தண்ணீர் ஊறித் தரை உப்பிப்போனால்தான் வம்பு. இன்றைக்கே போட்டோ எடுத்து ஈமெயில் அனுப்பிவிடுங்கள். போனில் சொல்லியிருந்தாலும் ஈமெயில் வேண்டும்; நாளைக்குப் பேச்சு வந்தால் தேதியோடு காட்டலாம்.

நமக்கு பாய்லர் என்றால் டீக்கடையில் தகதகவென்று நிற்கும் செம்பு பாய்லர்தான். அதில் தண்ணீர் குறைந்தால் ஒரு குடம் ஊற்றினால் முடிந்தது. இங்கே சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டி வேறு ரகம். காம்பி பாய்லர் என்பார்கள். உள்ளே இருக்கும் அதே தண்ணீர்தான் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைச் சுற்றிச் சுற்றி வரும், புதுத் தண்ணீர் வருவதில்லை. முகப்பில் பிரஷர் காட்டும் முள் இருக்கும். சில மாடல்களில் எண்ணாகவே தெரியும். ஆறியிருக்கும்போது பொதுவாக 1-லிருந்து 1.5 'பார்' (பிரஷரின் அளவு) வரை நிற்க வேண்டும். அடிக்கடி இறங்கினால் எங்கோ தண்ணீர் வெளியே போகிறது என்று அர்த்தம்.

என் முதல் வீட்டில் முள் தினமும் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். பாய்லருக்கு அடியில் வெள்ளிப் பின்னல் போட்ட சின்ன ஹோஸ் ஒன்று இருந்தது. ஃபில்லிங் லூப் என்று பெயர். யாரோ சொல்லிக்கொடுத்தபடி காலையில் அதைத் திறந்து தண்ணீர் ஏற்றிவிட்டு வேலைக்குப் போவேன். மூன்று வாரம் இதே கதை. ஓனரைத் தொந்தரவு செய்யக் கூச்சம். வீட்டுக்குள் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, சந்துப் பாதையில் எங்கள் சுவரோரம் கண்ணாடி மாதிரி ஐஸ் உறைந்திருப்பதைக் காட்டினார். வெளிச்சுவரில் ஒரு செம்புக் குழாய் சுவரைப் பார்த்து வளைந்திருந்தது. நான் காலையில் ஏற்றிய தண்ணீர் முழுக்க மாலையில் அது வழியாகப் போயிருக்கிறது.

வந்த இன்ஜினியர் பெட்டியைத் திறந்து, தட்டு மாதிரி வட்டமான ஓர் இரும்பு டப்பாவைக் காட்டினார். எக்ஸ்பான்ஷன் வெஸல். உள்ளே ஒரு ரப்பர் தடுப்பு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. தண்ணீர் சூடாகி விரியும்போது அந்தக் காற்று அமுங்கி இடம் கொடுக்கும். காற்று இறங்கிவிட்டால் விரியும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. பிரஷர் 3 பார் தொட்டதும் பாதுகாப்பு வால்வு திறந்து செம்புக் குழாய் வழியாக வெளியே துப்பிவிடும். ஆறியதும் முள் கீழே. டப்பாவில் கார் டயரில் இருப்பது போன்ற வால்வுதான். பம்ப் வைத்து நம்ம சைக்கிள் கடை மாதிரி காற்றடித்தார். அடிக்கடி திறந்து மூடிய பாதுகாப்பு வால்வு சரியாக மூடாது என்று அதையும் மாற்றினார். முதல் வாரமே சொல்லியிருந்தால் அந்த வால்வாவது தப்பியிருக்கும்.

அதனால் இன்ஜினியரைக் கூப்பிடும் முன் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். வெளியே பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் இருக்கலாம், அதில் சொட்டினால் பயப்பட வேண்டாம். எரிந்த புகையிலிருந்து குளிர்ந்து வரும் தண்ணீர் அது. கடுங்குளிரில் உறைந்து அடைத்துக்கொண்டால் பாய்லர் குளுகுளுவென்று சத்தம் போட்டு நின்றுவிடும். அந்தக் குழாய் மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் போதும், கொதிநீர் கூடாது. செம்புக் குழாயில் சொட்டினால் என் கதை. எங்குமே சொட்டு இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வுக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பரை வைத்துப் பாருங்கள். கார்ப்பெட்டில் பழுப்புக் கறையும் காட்டிக்கொடுக்கும்.

தம்பி, உங்களுக்குப் பெட்டிக்கு அடியிலிருந்தே சொட்டுகிறது. உள்ளே மின்சார போர்டு இருக்கிறது. பக்கத்துச் சுவரில் இருக்கும் ஸ்விட்சை ஈரக்கை இல்லாமல் அணைத்துவிடுங்கள். சொட்டு ஒழுக்காக மாறினால் வீட்டுக்கு வரும் தண்ணீரையே நிறுத்த வேண்டியிருக்கும். அதை நிறுத்தும் திருகு பெரும்பாலும் சிங்க்குக்கு அடியில் இருக்கும், வலப்பக்கம் திருப்பினால் மூடும். பெட்டியின் மூடியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். யூடியூப் பார்த்தும் வேண்டாம்.

கேஸ் பாய்லரில் கைவைக்க, கேஸ் வேலைக்குத் தகுதியானவர்களின் பதிவேடான கேஸ் சேஃப் ரிஜிஸ்டரில் பெயர் இருக்க வேண்டும், அது சட்டம். பழைய ஆட்கள் இன்னும் முந்தைய பதிவேட்டின் பெயரால் 'கார்கி' என்பார்கள். 2009-இல் அது மாறிவிட்டது. வருபவரிடம் அந்த ரிஜிஸ்டரின் அடையாள அட்டையைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். பின்பக்கம் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று போட்டிருக்கும். "நம்ம ஆள் ஒருத்தர் பாதி விலைக்குச் செய்வார்" என்று கடையில் யாராவது சொன்னாலும் அட்டை இல்லாவிட்டால் வேண்டாம். ரேடியேட்டர் வால்வு கசிவென்றால் சாதாரண பிளம்பரே போதும்.

கேஸ் வாடை வந்தால் மட்டும் இது எதுவும் பொருந்தாது. ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே போய் 0800 111 999-க்குப் போன் போடுங்கள். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள்.

ஈமெயிலில் இன்னொன்றையும் கேளுங்கள்: கடைசியாக கேஸ் சோதனை நடந்த சான்றிதழ். ஓனர் வருடா வருடம் சோதிக்க வேண்டும், நகல் உங்களுக்கும் தர வேண்டும். சோதனை வேறு, சர்வீஸ் வேறு. சர்வீஸ் எப்போது நடந்தது என்று தனியாகக் கேளுங்கள்; என் ஓனர் அந்தக் கேள்விக்கு மட்டும் இரண்டு நாள் பதிலே போடவில்லை.