ட்ரம்பெட் மியூட்: எது எந்த ஒலியைத் தரும், முதலில் எதை வாங்குவது?

கேள்வி: தாராவி ட்ரம்பெட்

அனைவருக்கும் வணக்கம். நான் மும்பை தாராவியில் வசிக்கிறேன். எங்கள் தேவாலயத்தின் தமிழ்ப் பாடகர் குழுவோடு சேர்ந்த பேண்டில் சில ஆண்டுகளாக பி ஃபிளாட் ட்ரம்பெட் வாசித்து வருகிறேன். திருவிழாப் பவனிகளில் தெருவில் நடந்தபடி வாசித்தே பழகியதால், ட்ரம்பெட்டின் விரிந்த வாயான பெல்லுக்குள் செருகி ஒலியை மாற்றும் மியூட் இதுவரை எனக்குத் தேவைப்பட்டதில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒருவர் எங்களுக்காக எழுதிக் கொடுத்திருக்கும் இசைத்தாள்களில் முதல் பாடலுக்கு ஸ்ட்ரெய்ட் மியூட் என்றும், இரண்டாவதற்கு கப் மியூட் என்றும், மூன்றாவதற்கு "ஹார்மன், ஸ்டெம் இல்லாமல்" என்றும் குறித்திருக்கிறார்.

தோபி தலாவில் ஒரு கடையில் விசாரித்தபோது, எல்லாமே சத்தத்தைக் குறைப்பதற்குத்தான், எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒலிப்பதிவுகளில் கேட்டால் மூன்றும் வெவ்வேறு கருவிகளைப் போல இருக்கின்றன. இந்த வேறுபாடு எதனால் வருகிறது? மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்க வசதியில்லை என்றால் எதை முதலில் வாங்கலாம்? சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு என்பதால் இரவில் பயிற்சி செய்ய பிராக்டிஸ் மியூட் ஒன்றும் வாங்க எண்ணியிருக்கிறேன். அதையே மேடையிலும் பயன்படுத்தலாமா?

பதில் 1: செம்பூர்வாசி

வணக்கம். கடையில் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டாம். சத்தம் குறைவது உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும் என்றால் மெதுவாக ஊதினாலே போதுமே. ஒரு சுரத்தின் உள்ளே இருக்கும் பல அதிர்வெண்களில் எவை வெளியே வர வேண்டும், எவை அடங்க வேண்டும் என்பதை மியூட் மாற்றியமைக்கிறது. எழுதுபவர்கள் அதைக் கேட்பது அந்த நிறத்துக்காகத்தான்.

440 ஹெர்ட்ஸில் ஒரு சுரத்தை ஊதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதோடு 880, 1320, 1760, 2200 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. திறந்த ட்ரம்பெட்டின் பெல், தாழ்ந்த அதிர்வெண்களில் பெரும் பங்கைக் குழலுக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறது. அப்படித் திரும்பி வரும் அலைதான் உங்கள் உதட்டின் அதிர்வைத் தாங்கிப் பிடித்து சுரத்தை நிலைநிறுத்துகிறது. உயர்ந்த அதிர்வெண்களோ எளிதாக வெளியேறிவிடுகின்றன. இப்போது ஸ்ட்ரெய்ட் மியூட்டைச் செருகினால், அதன் மூன்று தக்கைத் துண்டுகளுக்கு இடையே உள்ள ஒடுங்கிய சந்துகள் வழியாகத்தான் ஒலி வெளியே வர முடியும். அந்த வழியில் தாழ்ந்தவை வெகுவாக மெலிகின்றன, உயர்ந்தவை தப்பிவிடுகின்றன. அதனால்தான் ஒலி ஒல்லியாகவும் கூர்மையாகவும், உலோகம் உரசுவது போன்ற விளிம்போடும் கேட்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு: அடிநாதமான 440 எவ்வளவு மெலிந்தாலும் நம் காது அதே சுரத்தைத்தான் கேட்கிறது, ஏனென்றால் எஞ்சியிருக்கும் மடங்குகளுக்கு இடையே உள்ள தூரம் இன்னமும் 440 ஆகவே இருக்கிறது.

ஊதும் வலுவும் இங்கே முக்கியம். மெதுவாக ஊதும்போது உயர்ந்த மடங்குகள் இயல்பாகவே குறைவு என்பதால், ஸ்ட்ரெய்ட் மியூட்டோடு மெதுவாக வாசித்தால் ஒலி தொலைவிலிருந்து வருவதாகத் தோன்றும். ஓங்கி ஊதினால் அதே மியூட் கடித்துக் குதறும். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் 'நாக்டர்ன்ஸ்' தொகுப்பில் 'ஃபேட்' என்ற பகுதியின் நடுவே மூன்று ட்ரம்பெட்டுகள் மியூட்டோடு மிக மெதுவாக ஓர் ஊர்வல இசையைத் தொடங்கும் இடத்தைக் கேளுங்கள். ஊர்வலம் எங்கோ தெருக்கோடியில் வருவது போன்ற உணர்வை அந்த நிறம் தனியாகவே உண்டாக்கிவிடுகிறது. பவனியில் வாசிக்கும் உங்களுக்கு அது உடனே பிடிபடும்.

கப் மியூட் என்பது ஸ்ட்ரெய்ட் மியூட்டின் அகன்ற முனையில் ஒரு கிண்ணம் பொருத்தியது போன்றது. கிண்ணத்தின் விளிம்பு பெல்லை நோக்கித் திரும்பியிருப்பதால், சந்துகள் வழியே தப்பி வரும் கூர்மையான அதிர்வெண்களையும் அது தடுத்துவிடுகிறது. மேலும் கீழும் நறுக்கப்பட்டு, நடுப்பகுதி மட்டும் எஞ்சுகிறது. வாயின் முன் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு பேசும் குரலின் உருண்டையான, சற்று மூடிய தன்மை அதில் இருக்கும். குரலோடு சேர்ந்து போகும் பாடலுக்கு இதைக் குறித்திருக்கிறார் என்றால் எழுதியவர் விவரமானவர்.

எதை முதலில் வாங்குவது என்றால், என் தேர்வு தயக்கமின்றி அலுமினிய ஸ்ட்ரெய்ட் மியூட். இசைத்தாளில் வெறுமனே "கான் சோர்டினோ" (மியூட்டோடு) என்று மட்டும் இருந்தால் ஸ்ட்ரெய்ட் மியூட்டைப் போடுவதே மரபு. "சென்சா சோர்டினோ" (மியூட் இல்லாமல்) என்று வந்ததும் எடுத்துவிட வேண்டும். அலுமினியம் பளிச்சென்று ஒலிக்கும். அட்டை நாரில் செய்தது மென்மையாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் ஈரம் அதற்கு ஆகாது. மும்பை மழையில் நனைந்த பையோடு சேர்த்து வைக்காதீர்கள்.

பதில் 2: வாஷி பேண்ட்

செம்பூர் நண்பர் ஒலியைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். நான் தக்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் நல்ல மியூட்டை வாங்கிவிட்டு தக்கையைக் கவனிக்காமல் விட்டு, மியூட்டே மோசம் என்று ஒதுக்கி வைப்பவர்களைப் பார்க்கிறேன்.

புதிய மியூட்டில் தக்கைத் துண்டுகள் வேண்டுமென்றே சற்றுத் தடிமனாக இருக்கும். பெல்லின் வளைவு ஒவ்வொரு ட்ரம்பெட்டிலும் சிறிது வேறுபடும் என்பதால், வாங்குபவர் தன் கருவிக்கு ஏற்பத் தேய்த்துக்கொள்ளட்டும் என்பதற்காக அப்படி விடுகிறார்கள். நைசான உப்புத்தாளை எடுத்து, மூன்று துண்டுகளையும் ஒரே அளவாக, இரண்டு இழுப்புக்கு ஒரு முறை செருகி ஊதிப் பார்த்துக்கொண்டே தேய்க்க வேண்டும். கப் மியூட்டில் இது இன்னும் நுட்பமானது: தக்கை குறையக் குறையக் கிண்ணம் பெல்லை நெருங்கும், நெருங்க நெருங்க ஒலி அடர்ந்து இருளும். கிண்ணத்துக்கும் பெல்லுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடம் இருந்தால் ஒலி ஏறக்குறைய ஸ்ட்ரெய்ட் மியூட்டாகவே கேட்கும். அரை விரலுக்குக் குறைந்தால்தான் கப் மியூட்டின் குணம் வரும். அதிகமாகத் தேய்த்துவிட்டால் புதுத் தக்கைதான் ஒட்ட வேண்டும் என்பதால் பொறுமை தேவை. டெனிஸ் விக் போன்ற சில நிறுவனங்களின் கப் மியூட்டில் கிண்ணத்தை நகர்த்தும் வசதி உண்டு. விலை கூடுதல், ஆனால் இந்தத் தொல்லை இல்லை.

செருகும் முன் தக்கையின் மீது வாயால் ஒரு முறை ஆவி ஊதி, உள்ளே வைத்து மெல்லத் திருகுங்கள். பாடலின் நடுவே மியூட் கீழே விழுந்து கோவில் முழுக்க எதிரொலிப்பதை இந்தச் சிறு பழக்கம் தடுக்கும்.

பதில் 3: மாட்டுங்கா ஜாஸ்

ஹார்மனைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும், அது நான் நேசிக்கும் மியூட். மற்றவற்றில் தக்கை துண்டு துண்டாக இருக்கும். ஹார்மனில் அது முழு வளையமாகச் சுற்றியிருக்கும். எனவே பக்கவாட்டில் காற்று கசிய வழியே இல்லை. நீங்கள் ஊதுவது முழுவதும் மியூட்டின் வயிற்றுக்குள் போய், நடுவில் உள்ள ஒரே துளை வழியாகத்தான் வெளியேறும். அந்தத் துளையில் செருகியிருக்கும் சிறு குழாய்தான் ஸ்டெம். அதன் வெளிமுனையில் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும்.

ஸ்டெம்மை வைத்து, அதன் முனையை இடது கையால் மூடி மூடித் திறந்தால் "வா... வா..." என்று பேசுவது போல வரும். 1924இல் அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 'ராப்சொடி இன் ப்ளூ' அரங்கேறியபோதே இந்த ஒலி அதில் இருந்தது. ஸ்டெம்மை உருவி எடுத்துவிட்டாலோ முற்றிலும் வேறு உலகம். ஒலி மெலிந்து, ரீங்காரத்தோடு, மூச்சின் நடுக்கம்கூடத் தெரியும் அளவுக்கு நெருக்கமாகிவிடும். 1950களில் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்ட ஒலி இது. உங்கள் தாளில் கேட்டிருப்பதும் இதுதான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மைல்ஸ் மைக்குக்கு மிக அருகில் பெல்லை வைத்து வாசித்தார். மைக் இல்லாமல் வாசித்தால் முதல் வரிசையைத் தாண்டி எதுவும் போய்ச் சேராது. தேவாலயத்தில் உங்களுக்கென்று தனியாக ஒரு மைக் கிடைக்குமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கிடைக்காது என்றால், எழுதியவரிடம் சொல்லி அந்தப் பாடலை கப் மியூட்டுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

காசில்லாமல் பழக விரும்பினால், ஹார்ட்வேர் கடையில் விற்கும் வாஷ்பேசின் அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணத்தைக் கம்பு இல்லாமல் வாங்குங்கள். பிளஞ்சர் மியூட் என்பது அதுவேதான். ட்ரம்பெட்டின் பெல் சுமார் 12 சென்டிமீட்டர் அகலம் என்பதால் சிறிய அளவே பொருந்தும். தாளில் கூட்டல் குறி இருந்தால் மூட வேண்டும், சிறு வட்டம் இருந்தால் திறக்க வேண்டும். ட்யூக் எல்லிங்டனின் ஜாஸ் குழுவில் ட்ரம்பெட் வாசித்த பப்பர் மைலியும், 1929இல் அவர் இடத்துக்கு வந்த கூட்டி வில்லியம்ஸும் இந்த ரப்பரையும், அதற்குள்ளே ஒரு சிறிய ஸ்ட்ரெய்ட் மியூட்டையும், தொண்டையிலிருந்து எழுப்பும் உறுமலையும் சேர்த்து ட்ரம்பெட்டை மனிதக் குரலாகவே பேச வைத்தார்கள்.

தாராவி ட்ரம்பெட்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தனி மைக் கிடைக்கும் என்று உறுதியாகிவிட்டது. நண்பர் ஒருவரின் ஸ்ட்ரெய்ட் மியூட்டை வாங்கி இன்று ஊதிப் பார்த்தேன். எங்கள் கீபோர்டோடு சேரவில்லை, சுருதி ஏறிப் போகிறது. கீழ் சுரங்கள் நடுங்குகின்றன. இது என் உதட்டுப் பிடியின் குறையா, மியூட்டின் குணமா? பிராக்டிஸ் மியூட் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 4: செம்பூர்வாசி

மியூட்டின் குணம்தான், கவலை வேண்டாம். பெல்லுக்குள் மியூட் இடத்தை அடைத்துக்கொள்வதால் காற்றுத்தம்பம் குறுகியது போல நடந்துகொள்கிறது, சுருதி ஏறுகிறது. இது மிகப் பழைய சிக்கல்: இத்தாலிய இசையமைப்பாளர் மான்டிவெர்டி 1607இல் தன் 'ஓர்ஃபியோ' ஆப்பராவின் தொடக்க இசையில், ட்ரம்பெட்டுகளை மியூட்டோடு வாசித்தால் மற்றக் கருவிகள் ஒரு முழுச் சுரம் மேலே வாசிக்க வேண்டும் என்று குறித்திருக்கிறார். அக்கால மியூட்டுகள் சுருதியை அவ்வளவு தூக்கின. இன்றையவை சிறிதளவே தூக்குகின்றன. சுருதியைச் சரிசெய்ய நகர்த்தும் குழாயான மெயின் டியூனிங் ஸ்லைடைச் சில மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் சரியாகிவிடும். கப் மியூட்டில் இதற்கு நேர்மாறாகச் சுருதி இறங்குவதும் உண்டு, குறிப்பாகக் கிண்ணம் பெல்லுக்கு மிக அருகில் இருக்கும்போது. எனவே ஒவ்வொரு மியூட்டுக்கும் ஸ்லைடு எங்கே நிற்க வேண்டும் என்பதை டியூனரோடு பார்த்து, இசைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

கீழ் சுரங்கள் நடுங்குவதற்கும் காரணம் இருக்கிறது. மியூட்டின் உட்குழிவுக்கென்று ஒரு தாழ்ந்த ஒத்ததிர்வு உண்டு. அது குழலின் இயல்பான அதிர்வுகளில் குறுக்கிட்டு, அடிப் பகுதியில் உதட்டுக்குக் கிடைக்கும் பிடிமானத்தைக் கெடுக்கிறது. அங்கே காற்றைச் சீராகவும் தாராளமாகவும் கொடுத்து, உதட்டை இறுக்காமல் வாசியுங்கள்.

பிராக்டிஸ் மியூட்டை மேடைக்குக் கொண்டு போகாதீர்கள். ஒலியை அடக்குவதற்காகவே அதில் மிகச் சிறிய துளைகளை விட்டிருப்பார்கள். அதன் நிறத்தை எவரும் கேட்பதற்காக அமைக்கவில்லை. எதிர்க்காற்றும் அதிகம் என்பதால் நாள்தோறும் அதில் மட்டுமே ஊதினால், திறந்து வாசிக்கும்போது காற்றை அழுத்தித் தள்ளும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். இரவில் விரல் பயிற்சிக்கும் பாடல்களை மனப்பாடம் செய்வதற்கும் அதை வைத்துக்கொண்டு, நீண்ட சுரங்களைப் பகலில் தேவாலய வளாகத்தில் மியூட் இல்லாமல் ஊதுங்கள்.

இன்னொன்று, உங்கள் தாளில் திறந்த ஒலியிலிருந்து மியூட்டுக்கு மாற எத்தனை பார் (தாளக் கட்டம்) இடைவெளி விட்டிருக்கிறார் என்று பாருங்கள். இரண்டு பாருக்குக் குறைவாக இருந்தால், மியூட்டை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டே வாசிக்கப் பழக வேண்டியிருக்கும்.