அத்தியட்சகர் துரையின் செதுக்குவேலை றிவோல்வர்: கண்டவர்கள் பகிருங்கள்

முள்ளியவளையிலிருந்து:

என் அப்பப்பா முள்ளியவளையில் நகைவேலை செய்த பத்தர். நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீரூற்றுப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் சாக்குத்துணியில் சுற்றிய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து அவருடைய பட்டறைப் பலகையில் வைத்தார். இடியன் துவக்கையும் சொட்கண்ணையும் மட்டுமே அதுவரை கண்டிருந்த எனக்கு, அது துவக்கு என்றே முதலில் தோன்றவில்லை. கொடியும் சுருளுமாக உருளையிலிருந்து குழல்வரை படர்ந்திருந்த வேலைப்பாட்டைப் பார்த்து ஏதோ கோயில் சாமான் என்று நினைத்துவிட்டேன்.

அது பழைய வெப்ளி றிவோல்வர். வலப்பக்கத்துச் சிறு கதவைத் திறந்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாக உருளைக்குள் இடும் வகையைச் சேர்ந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் பொலிஸ் அதிபராக இருந்த துரை ஒருவர், நாடு திரும்பும்போது தம் பாட்டனாருக்குக் கொடுத்துவிட்டுப் போனதாகக் கமக்காரர் சொன்னார். அதற்குச் சான்றாக அவர் பெருமையோடு காட்டியது, உடற்பகுதியில் தெளிவாகப் பதிந்திருந்த ஆர், ஐ, சி என்ற மூன்று எழுத்துகளை. அவை துரையின் பெயரின் முதலெழுத்துகள் என்பது அவர்களுடைய குடும்பத்தில் வழிவழியாக வந்த நம்பிக்கை.

அவர் கேட்ட வேலை வேறு. பிடியில் பதித்திருந்த சிறிய வெள்ளித்தகட்டில் இரண்டு வரி ஆங்கில எழுத்துகள் இருந்தன. கைபட்டுத் தேய்ந்து, இரண்டாம் வரியின் தொடக்கத்தில் எஸ், யு, பி, ஈ, ஆர் என்பவை மட்டுமே வாசிக்கக்கூடியவையாக எஞ்சியிருந்தன. அவற்றை ஆழமாக மறுபடி வெட்டித் தரவேண்டும் என்பதே கோரிக்கை. அப்பப்பா பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, “தேய்ஞ்சதை நான் திருப்பி வெட்டினா அது என்ர எழுத்து, துரையின்ர எழுத்தில்லை” என்று சொல்லி, உளியைத் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். கூலி கிடைக்கும் வேலையை அவர் மறுத்ததை நான் கண்டது அந்த ஒரு முறைதான். இதுபோன்ற ஒன்றை வேறு எவரேனும் பார்த்திருக்கிறீர்களா?

வவுனியாவிலிருந்து:

நான் கச்சேரியில் துவக்கு அனுமதிப்பத்திரங்களைக் கையாண்ட ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் எங்கள் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை பன்றிக்கும் யானைக்கும் பயிர்க்காவலாக வைத்திருந்த சொட்கண்கள். றிவோல்வர் மிக அரிது. செதுக்குவேலை செய்த ஒன்றை என் சேவைக்காலத்தில் ஒரே தடவைதான் கண்டேன். அதுவும் உங்கள் கமக்காரருடையதைப் போன்ற வெப்ளிதான். நாங்கள் இலக்கத்தைப் பார்ப்போமே தவிரப் பூவையும் கொடியையும் பார்ப்பதில்லை என்பதால், அன்று அதை உரிய கவனத்தோடு நோக்கவில்லை என்ற குறை எனக்கு இன்னும் உண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும், கமக்காரரின் குடும்பத்தவர் மனம் நோகக்கூடாது. ஆர், ஐ, சி என்பது எந்தத் துரையின் பெயரும் அன்று. அயர்லாந்தின் அரச பொலிஸ் படையான றோயல் ஐரிஷ் கொன்ஸ்ரபியூலறி 1868 இல் அந்த வகை றிவோல்வரை ஏற்றுக்கொண்டது. அந்தப் பெயரின் சுருக்கத்தையே பேர்மிங்ஹாம் நகரத்து வெப்ளி நிறுவனம் வகைப்பெயராக்கி, வெளியாருக்கு விற்றவற்றிலும் பொறித்தது. நான் கண்டதிலும் அதே மூன்று எழுத்துகள் அதே இடத்தில் இருந்தன.

துரையைப் பற்றி ஏதேனும் சொல்லக்கூடியது தேய்ந்துபோன அந்தத் தகடுதான். எஸ், யு, பி, ஈ, ஆர் என்பது ‘சுப்பிரின்ரென்டன்’, அதாவது அத்தியட்சகர், என்ற பதவிப்பெயரின் தொடக்கமாக இருக்கலாம். இலங்கைப் பொலிசுக்கு 1866 இல் தலைவராக வந்த கேம்பல் துரைக்கு முதலில் பிரதம அத்தியட்சகர் என்றே பதவி. அடுத்த ஆண்டே அது பொலிஸ் மா அதிபர் என்று மாறிவிட்டது. துவக்கோ அதற்குப் பிந்தியது. ஆகவே என் கணிப்பில், அதை வைத்திருந்தவர் இலங்கை முழுவதற்கும் தலைவராக இருந்தவர் அல்லர். ஒரு மாகாணத்துக்கோ பகுதிக்கோ பொறுப்பாக இருந்த அத்தியட்சகர்.

ஒட்டுசுட்டானிலிருந்து, தற்போது நியூயோர்க்கில்:

என் அனுபவம் சிறியது. லோங் ஐலண்டிலுள்ள தியோடர் ரூஸ்வெல்ட்டின் பழைய வீட்டை உறவினரோடு பார்க்கப் போனேன். ஜனாதிபதி ஆவதற்கு முன்னர், 1895 முதல் 1897 வரை, அவர் நியூயோர்க் பொலிஸ் ஆணையாளர் சபைக்குத் தலைவராக இருந்தவர். அவருடைய, கோல்ட் என்ற நிறுவனம் செய்த றிவோல்வர், 1898 இல் ஹவானாத் துறைமுகத்தில் மூழ்கிய மேய்ன் என்ற போர்க்கப்பலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தச் செய்தியை ஒரு பக்கத்திலும், அதே ஆண்டு சான் ஹுவான் போரில் அவர் அதை ஏந்திய செய்தியை மறுபக்கத்திலும் பொறித்திருக்கிறார்கள். 1990 இல் அங்கிருந்து களவுபோய், 2006 இல்தான் மீண்டது. வேலைப்பாடு என்று பார்த்தால் கொடியோ சுருளோ இல்லை, வெறும் எழுத்துத்தான். முள்ளியவளை உறவு விவரித்த அழகு அதில் இல்லை என்றே சொல்வேன்.

முள்ளியவளையிலிருந்து, மீண்டும்:

வவுனியா ஐயாவுக்கு நன்றி. கமக்காரரின் மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது என் சங்கடம், அவர்களுடைய வீட்டில் இன்றைக்கும் ‘ஆர்.ஐ.சி. துரை’ என்றுதான் பேச்சு. றிவோல்வர் அவர்களிடம் இல்லை. தகப்பனார் காலமானபின் அனுமதிப்பத்திரத்தோடு ஒப்படைத்துவிட்டார்களாம்.

முதற்பதிவில் எழுத மறந்த ஒன்று உண்டு. திருப்பிக் கொடுப்பதற்கு முன்னர், அப்பப்பா அந்தத் தகட்டை விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றி, ஈரத்தாள் ஒன்றை அதன்மேல் அழுத்தி ஒரு படி எடுத்தார். கண்ணுக்குப் புலப்படாத கீறல்களும் அந்தத் தாளில் விழுந்திருந்தன. முதலாம் வரியில் ஒரு பெயரின் வளைவுகள் தெரிந்ததாக நினைவு. அதை அவர் தம் கணக்குக் கொப்பிக்குள் வைத்திருந்தார். 2009 இடப்பெயர்வில் அந்தக் கொப்பியை இரணைப்பாலைவரை கொண்டுபோனோம். அதற்குப் பிறகு அது எங்களிடம் இல்லை.